செத்தல் மிளகாயும் ஒரு நல்ல வார்த்தையும்

ஒரு தாய் தன் மகளின் முகத்துக்கு நேரே துப்பினாள். எங்கள் பாடசாலை நூலகத்தில், ஒரு பெப்ரவரி மாலையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"துப்பினாள்" என்று எழுதும்போது இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சூடாக்கியின் மேல் கையுறைகள் காய்ந்துகொண்டிருக்க, அறை முழுக்க ஈரக் கம்பளி மணம். கதிரைகளை வட்டமாகப் போட்டுப் பெற்றோரும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருந்தோம். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் அந்தப் பாடசாலையில் நான் உளவளத்துணையாளர். வீட்டில் பேச்சு அறுந்துபோன சில குடும்பங்களைச் சேர்த்து, நானும் என் சக ஊழியர் ஷான்டாலும் வாரம் ஒரு தடவை நடத்திய குழு அது.

அன்றைய பயிற்சி மிகச் சின்னது. வேறொரு குடும்பத்துப் பிள்ளையிடம் நீங்கள் கவனித்த நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

ரமோன் முதலில் எழுந்தார். பிலிப்பைன்ஸ்காரர், வைத்தியசாலையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலை, குரலும் உடம்பும் பெரிது. எதிரே இருந்த விதுஷாவைக் காட்டி, "என் மகன் ஜோயல் காய்ச்சலில் படுத்திருந்தபோது இந்தப் பிள்ளை வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். என்ன பொறுமை! அழகு, அறிவு, குணம் எல்லாம் ஒரே பிள்ளையிடம்!" என்று பிரெஞ்சில் முழங்கினார்.

விதுஷாவுக்குப் பதினைந்து வயது. காதுமடல் வரை சிவந்துபோனாள். நான் அவளுடைய தாய் ராணியக்காவுக்காக அதைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, ராணியக்காவின் முகம் கறுத்தது. பாதி எழும்பி, பக்கத்தில் இருந்த மகளின் பக்கம் குனிந்து, "தூ, தூ, தூ" என்றார். பிறகு சபையைப் பார்த்து, "அப்பிடி ஒண்டும் இல்லை. வீட்டிலை ஒரு கோப்பை கழுவமாட்டாள்" என்றார்.

அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. "பார்தோன், பார்தோன்" என்று ரமோன் மட்டும் ராணியக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஷான்டாலின் பேனா நிலத்தில் விழுந்து உருண்டது. விதுஷா எழுந்து, சூடாக்கியின் மேலிருந்த தன் கையுறைகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

குழி தோண்டாத வைத்தியம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, லொங்குய்யில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு வாசகர் என்னைக் கடையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "உளவளத்துணை, உளவளத்துணை எண்டு எழுதுறீங்கள். உண்மையிலை என்ன செய்யிறனீங்கள்? சும்மா இருந்து கதைக்கிறதுக்கோ சம்பளம்?"

"ஓம் அண்ணை," என்றேன். "கதைக்கிறதுக்கில்லை, மற்றவை கதைக்கேக்கை வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுக்கு."

என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும். நான் பிறவி வாயாடி.

நாங்கள் செய்வதற்குத் தீர்வை நோக்கிய குறுகியகால உளவளத்துணை என்று நீளமான பெயர். விஷயம் சின்னது. பிரச்சினை எங்கே தொடங்கியது, யார் பிழை, எந்த வயதில் என்ன நடந்தது என்று குழி தோண்டுவதில்லை. பாடசாலையில் அதற்கு நேரமும் இல்லை, மணி அடித்தால் பிள்ளை எழுந்து போய்விடும். அதற்குப் பதிலாக, பிரச்சினை இல்லாமல் இருந்த ஒரு பொழுதைத் தேடுகிறோம். எவ்வளவு மோசமான வீட்டிலும் அப்படி ஒரு பொழுது இருக்கும். அன்றைக்கு என்ன வித்தியாசமாக இருந்தது என்று கேட்டு, அதை இன்னொரு தடவை செய்து பார்க்கச் சொல்கிறோம். குழுவில் என்றால் ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் களவெடுக்கலாம், அதற்கு யாரும் கோபிப்பதில்லை.

இதில் ஒரு அளவுகோல் கேள்வியும் உண்டு. பூச்சியம் என்றால் படுமோசம், பத்து என்றால் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துவிட்டது. இப்போது எங்கே நிற்கிறீர்கள்? இதை எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். "ஐந்து" என்று மகன் சொன்னதும் ஒரு தகப்பன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஐஞ்சோ? மற்றப் பிள்ளையள் எத்தினை எடுத்தவை?" இது சோதனைப் புள்ளி இல்லை என்று நான் கரடியாகக் கத்தியும் அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் மகனுக்குச் சொல்லிக் கொடுத்து, "ஒன்பது" என்று சொல்ல வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்த முறையின் உயிர்நாடி பாராட்டு. பிள்ளை செய்த சின்ன நல்ல காரியத்தைக் கண்டுபிடித்து, வாய்விட்டு, பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லித் தந்தபோது, நான் கையை உயர்த்தாமல் மனதுக்குள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. எங்கள் சனத்திடம் இது எடுபடுமா?

ஷான்டால் மேசையைத் தட்டினாள்

எல்லோரும் போன பிறகு ஷான்டால் கதவைச் சாத்தினாள். "அவள் துப்பினாள். சொந்த மகள்மேல்! இதை நான் யாருக்காவது அறிவிக்க வேண்டுமா?"

"ஈரம் பட்டதா, பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனால்..."

நான் நாவூறைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையை யாராவது வாய் நிறையப் புகழ்ந்தால் அந்த வார்த்தையே பிள்ளைமேல் பட்டு, காய்ச்சலாகவோ விபத்தாகவோ வரும் என்ற பயம். அதனால்தான் தாய் உடனே "தூ, தூ" என்று அதைத் தட்டிவிடுகிறாள், பிள்ளையிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று உலகத்துக்கு அறிவிக்கிறாள். கோப்பை கழுவாத கதை அப்படி வந்ததுதான். விதுஷா கோப்பை கழுவுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஷான்டால் சிரிக்கவில்லை. "இந்தக் காலத்திலும் இதையெல்லாம் நம்புகிறார்களா?" என்றாள்.

"நேற்று, இந்தக் குளிர்காலம் முழுக்க உனக்குச் சளி, தடிமன் ஒன்றும் வரவில்லை என்று சொன்னாய். சொல்லிவிட்டு என்ன செய்தாய்?"

அவள் யோசித்தாள். சொன்ன நல்லது கெட்டுப்போகாமல் இருக்க மர மேசையை விரலால் தட்டியது நினைவுக்கு வந்ததும் முகம் மாறியது. பிறகுதான் சிரித்தாள். "சரி, எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு?"

அதுதான் கேள்வி. ஷான்டாலின் நல்ல குணமே அதுதான், சிரித்து முடித்ததும் சரியான இடத்தில் வந்து நிற்பாள்.

தீயணைப்பு வண்டி வந்த கதை

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது.

நாங்கள் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. எதிர் வீட்டுக் கிரேக்கப் பெண்மணி படிக்கட்டில் என்னைக் கண்டு, என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, என்னவோ நீளமாகப் புகழ்ந்தார். அம்மாவுக்கு மொழி விளங்கவில்லை. கண் விளங்கிவிட்டது.

வீட்டுக்குள் வந்ததும் காய்ந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் கையில் பொத்திக்கொண்டு என்னைச் சுற்றினார். பிறகு அடுப்பில் தாச்சியை வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். இதில் ஒரு கணக்கு உண்டு. மிளகாய் எரியும்போது கமறாவிட்டால் பிள்ளைமேல் நாவூறு பட்டிருக்கிறது. கமறி இருமல் வந்தால் ஒன்றும் இல்லை, பிள்ளை தப்பிவிட்டது.

எங்கள் மிளகாய் கமறிய கமறலில் கட்டடத்தின் அபாய மணி அலறத் தொடங்கியது. மூன்று மாடிச் சனமும் வீட்டுச் செருப்போடு பனிக்குள் நின்றது. சிவப்பு வண்டி வந்தது. கோடாரியோடு ஏறி வந்த வீரர்கள் இருமிக்கொண்டே இறங்கினார்கள். அம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓட, "நல்லாக் கமறுது! பிள்ளைக்கு ஒண்டும் இல்லை!" என்று அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தமிழிலேயே அறிவித்துக்கொண்டிருந்தார்.

அதே அம்மா என் பள்ளி அறிக்கையைப் பார்த்து "பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. வகுப்பில் முதலாவதாக வந்த நாளிலும் "பரவாயில்லை"தான். ஆனால் அன்று சாப்பாட்டில் என் கோப்பையில் மட்டும் சோற்றுக்கு அடியில் ஒரு பொரித்த முட்டை இருக்கும். நான் அந்த முட்டையைப் படிக்கப் பழகிக்கொண்டேன். எல்லாப் பிள்ளைக்கும் அது வருமென்று இல்லை. எனக்கே சில நாட்களில் முட்டை போதவில்லை, ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

வெள்ளை நார் இல்லாத தோடம்பழம்

அடுத்த நாள் மதிய இடைவேளையில் விதுஷா என் அறைக்கு வந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாகக் கொட்டினாள்.

"இந்த வருசம் பள்ளிக்கூடம் முடிய நான் ரொறன்ரோவுக்குப் போறன், மடாம். மாமி வீட்டை. அங்கையே படிக்கப்போறன். மாமி அறைக்குப் பெயின்ற் அடிச்சு முடிச்சிட்டா."

மாமி என்றால் தகப்பனின் தங்கை. தகப்பன் தூர இடங்களுக்குப் பாரவண்டி ஓட்டுபவர், வார இறுதியில்தான் வீட்டில் நிற்பார். ஆகவே அந்த வீடு என்பது விதுஷாவும் ராணியக்காவும்தான்.

"அம்மா என்ன சொன்னவ?"

"ஓம், போ எண்டா. ஒரு சொல்லு மறிக்கேல்லை."  தடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். தடுக்காததுதான் அவளுக்குக் காயம்.

நான் அளவுகோலை எடுத்தேன். "பூச்சியம் எண்டா நாளைக்கே பெட்டியோட ரொறன்ரோ. பத்து எண்டா அம்மாவோட இஞ்சை சந்தோசமா இருக்கிறாய். இப்ப எங்கை நிக்கிறாய்?"

"மூண்டு."

"ஏன் பூச்சியம் இல்லை?"

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் வாயை மூடவேண்டும். மூடினேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு மூலையில் ஆரஞ்சு நிறத் தோடம்பழச் சுளைகள், ஒன்றில்கூட வெள்ளை நார் இல்லை, கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தது.

"இது," என்றாள். "அந்த வெள்ளை நார் எனக்குப் பிடிக்காது. சின்னனிலை ஒருக்காச் சொன்னனான். அண்டையிலை இருந்து ஒவ்வொண்டா உரிச்செடுத்துப்போட்டுத்தான் வைப்பா. வேலைக்கு இருட்டோடை போறவ, எப்ப செய்யிறாவோ தெரியாது."

"சரி. மூண்டு நாலாகிறதுக்கு என்ன நடக்கவேணும்?"

"ஒரு நல்ல வார்த்தை, மடாம். ஆக்களுக்கு முன்னாலை. மாமி எல்லாருக்கும் சொல்லுவா, என்ர மருமகள் கெட்டிக்காரி எண்டு. அம்மா துப்புறா."

"அது துப்புறது இல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும், நாவூறு." அவள் பெட்டியை மூடினாள். "தெரிஞ்சாலும் நோகுது."

ராணியக்காவைத் தனியாகச் சந்திப்பது என்று முடிவெடுத்தேன். 

சாமத்தியவீட்டில் சொன்னது

ராணியக்கா வைத்தியசாலையில் சுத்திகரிப்பு வேலை செய்பவர். வேலை முடியும் நேரத்துக்கு நான் அங்கே போய்ப் பக்கத்துக் கோப்பிக்கடையில் காத்திருந்தேன். அவர் வந்து, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ரீச்சர், நான் பிள்ளைக்குத் துப்பினனான் எண்டு எல்லாரும் நினைக்கினமோ?"

நான் ரீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டேன். "சில பேர் நினைச்சினம். நான் சொல்லி விளங்கப்படுத்தியிட்டன்" என்றேன்.

அவர் கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"அவளுக்கு அப்ப மூண்டு வயசு. சின்னப் பிள்ளையளின்ர கார்டெரியிலை விட்டு ஆறு மாசத்திலை பிரெஞ்ச் தண்ணி மாதிரிக் கதைக்கத் தொடங்கியிட்டாள். எனக்குத் தலைகால் தெரியேல்லை. அக்காவுக்கு, தங்கச்சிக்கு, எல்லாருக்கும் போன் எடுத்து, 'என்ர பிள்ளை கதைக்கிறதைக் கேளுங்கோ' எண்டு போனை அவளின்ர வாயிலை பிடிச்சனான். அந்தக் கிழமையே காய்ச்சல். மூளைக்காய்ச்சல் எண்டிச்சினம். பிள்ளை கண் திறக்கேல்லை. ஆஸ்பத்திரி அறைக் கண்ணாடிக்கு இஞ்சாலை நிண்டு நான் என்ர வாயிலை அடிச்சனான் ரீச்சர். அண்டைக்கு முடிவெடுத்தனான், இனி என்ர வாயாலை பிள்ளையைப் பற்றி ஒரு பெருமைக் கதை வராது எண்டு."

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான்.  மகளுக்குப் பசியாக இருந்த அந்த மௌனத்தை, தாய் இத்தனை வருடமும் காவலாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரொறன்ரோவுக்குப் போகட்டும் எண்டு சொன்னீங்களாம்?"

"போகோணும் எண்டா போகட்டும். மறிச்சா என்னை வெறுத்துப்போடுவாள். மாமி நல்லாப் பாப்பா." சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது நாவூறு இல்லை, நோய்க்கிருமி என்று நான் சொல்லியிருக்கலாம். வைத்தியசாலையில் வேலை செய்பவருக்கு அது தெரியாதா? வாதாடி வென்றால் அவர் ஆமென்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அப்படியேதான் இருந்திருப்பார். நான் எனக்குத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்டேன்.

"அதுக்குப் பிறகு ஒரு நாள்கூட அவளைப் பற்றி நல்லதாச் சொன்னதே இல்லையோ, ராணியக்கா? ஒரேயொரு நாள்?"

"இல்லை" என்றார் உடனே. நான் காத்திருந்தேன். கோப்பி ஆறியது. வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை சொன்னனான்" என்றார் மெல்ல. "சீலை உடுத்தி, பூ வைச்சு, மேடையிலை இருத்தியிருந்தது. வந்த சனம் எல்லாம் 'வடிவு, வடிவு' எண்டிச்சினம். நானும் சொன்னன், 'ஓம், என்ர பிள்ளை வடிவுதான்' எண்டு."

"பயமா இருக்கேல்லையோ?"

"என்னத்துக்குப் பயம்? ஆலாத்தி எடுத்ததுதானே!" பெரிய படிப்புப் படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று என்னைப் பார்த்தார். சபையில் தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுத்துவிட்டால் எத்தனை கண் பட்டாலும் அது கழிந்துபோய்விடும்.

எனக்குக் கதிரையில் இருக்கமுடியவில்லை. "அப்ப, கழிக்க வழி இருந்தாச் சொல்லலாம்?"

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். "பள்ளிக்கூடத்திலையோ?"

"பள்ளிக்கூடத்திலைதான். என்னென்ன வேணும், சொல்லுங்கோ."

ராணியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பகிடி விடுகிறேனா என்று சோதித்திருப்பார். பிறகு, "செத்தலும் உப்பும் இருந்தாக் காணும்" என்றார்.

சுற்றிப் போட்டது

குழுவின் கடைசி நாள். பனி சேறாகிவிட்டிருந்தது. ஷான்டால் வாசலில் என்னைப் பிடித்து, "நெருப்பு மட்டும் வேண்டாம், கூரையில் அபாய மணி இருக்கிறது" என்று எச்சரித்தாள். அது இவள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா!

ராணியக்கா ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்ததும் செத்தல் மிளகாயின் காரம் நூலகம் முழுக்கப் பரவியது. "இஞ்சை எரிக்கேல்லை. சுத்திப்போட்டு வீட்டை கொண்டுபோய் எரிக்கிறன்" என்று ஷான்டாலுக்குச் சொல்லச் சொன்னார்.

நான் எல்லோருக்கும் விளக்கினேன். ரமோன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கள் ஊரிலும் இது உண்டு. பிள்ளையைப் புகழ்ந்தால் கூடவே ஒரு காப்புச் சொல் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அதை மறந்துபோனேன், அதுதான் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன்" என்றார்.

ராணியக்கா மிளகாயையும் உப்பையும் பொத்திக்கொண்டு எழுந்தார். விதுஷா வெட்கத்தில் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. தாயின் கை அவள் தலையைச் சுற்றி வந்தது. முடிந்ததும் ரமோன் தன் மகனை முன்னே தள்ளி, "இவனுக்கும்" என்றார். அதன்பிறகு வட்டத்திலிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ராணியக்கா சுற்றவேண்டி வந்தது. சேர்த்துப் பார்த்தால் அது பெரிய சாமத்தியவீடுபோல் ஆகிவிட்டது.

அவர் வந்து உட்கார்ந்தார். பொத்திய கையை விரிக்கவில்லை. நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். இந்த வாரம் மகளிடம் கவனித்ததில், இது இப்படியே இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவது எது?

"விடிய நான் வேலைக்கு வெளிக்கிடேக்கை அவள் நித்திரை மாதிரிக் கிடப்பாள்," என்றார். "ஆனா என்ர சப்பாத்து ரெண்டும் ஹீற்றருக்குப் பக்கத்திலை இருக்கும். போடேக்கை சூடா இருக்கும். நான் வைக்கிறேல்லை. இருக்கிறது நாங்கள் ரெண்டு பேர்தானே."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். விதுஷா தலையை நிமிர்த்தினாள். அம்மா அதைக் கவனித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"வேறென்ன?" எங்கள் தொழிலில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

"ஆஸ்பத்திரியிலை, கடையிலை எனக்காகக் கதைக்கேக்கை நான் பிழையாச் சொன்னதைத் திருத்திச் சொல்லுவாள். சொல்லிப்போட்டு, அம்மாதான் இப்பிடிச் சொன்னவ எண்டு முடிப்பாள்."

"வேறென்ன?"

"குளிக்கேக்கை பாடுவாள். நான் ரீவியை நிப்பாட்டிப்போட்டுக் கேட்கிறனான். தெரிஞ்சாப் பாடமாட்டாள் எண்டு சொல்லேல்லை." அவர் கை இறுகியது. உள்ளே மிளகாய் நொறுங்கும் சத்தம் கேட்டது. "கெட்டிக்காரி. வடிவு. எனக்கு அவளைப் போக விட விருப்பம் இல்லை. அவள் போனா அந்த வீட்டிலை என்னாலை இருக்கேலாது."

எனக்குப் பிரெஞ்சு மறந்துபோனது. தமிழும்தான். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லுறன்," என்றாள் விதுஷா. வட்டத்தைப் பார்த்து, தாய்க்காகக் கடைகளில் பேசும் அதே தெளிவான குரலில், பிரெஞ்சில் சொன்னாள். "அம்மா சொல்கிறார், நான் கெட்டிக்காரியாம். அழகாம். என்னைப் போகவிட அம்மாவுக்கு விருப்பம் இல்லையாம். நான் போனால்..." அதற்கு மேல் வரவில்லை. கதிரையை இழுத்து, தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ராணியக்கா கையைத் திறக்காமலே, புறங்கையால் அவள் தலையைத் தடவினார்.

ரமோன் பெரிய சத்தத்தோடு மூக்கைச் சிந்தினார். ஷான்டால் மேசையை விரலால் மெல்லத் தட்டியதை நான் கண்டேன்.

பல்கனியில் வந்த இருமல்

மறுநாள் மதியம் விதுஷா என் அறைக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. உடுப்பெல்லாம் செத்தல் மிளகாய்ப் புகை மணம்.

"என்ன, அழுதனியோ?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"இல்லை, மடாம். அம்மா பல்கனியிலை பழைய தாச்சியை வைச்சு அதை எரிச்சவ. காத்து முழுப் புகையையும் வீட்டுக்குள்ளை அடிச்சிட்டுது, விடியும்வரை போகேல்லை."

"கமறினதோ?"

"கமறினதோவோ! ரெண்டு பேருக்கும் மூச்சு விடேலாது. அம்மா இருமி இருமிச் சிரிக்கிறா. 'பாத்தியே, இவ்வளவு சொல்லியும் உனக்கு ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை' எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குளிருக்குள்ளை நிண்டவ."

மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்ற ஒரு பெண் என் கண்முன் வந்தாள். இப்போதாவது அங்கிருந்து வீட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

விதுஷா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். "மாமிக்கு நேற்று போன் எடுத்தனான். லீவுக்கு மட்டும் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். பெயின்ற் அடிச்சதுக்குக் கோபிக்கிறா."

எனக்குச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷம், அளவுகோலை எடுத்துவிட்டேன். "சரி, அண்டைக்கு மூண்டு எண்டாய். இப்ப எத்தினை?"

அவள் வெள்ளை நார் இல்லாத ஒரு சுளையை என் கையில் வைத்தாள்.

"சொல்லமாட்டன், மடாம். நாவூறு படும்."